பன்னிரண்டாவது கண்

பவளக்கரை உரத் தொழிலகத்தைப் பார்க்கும் உரிமை இந்த உலகத்தில் பன்னிரண்டு திரைகளுக்கு மட்டுமே இருந்தது.

பார்ப்பது என்றால் மதில் மேல் எட்டிப் பார்ப்பதல்ல. அதைக் காவலாளி விரட்டும் வரை யாரும் செய்யலாம். உள்ளே இருக்கும் அம்மோனியாத் தொட்டியில் அழுத்தம் எவ்வளவு, குளிர் எவ்வளவு, அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டிய கம்பிரசர்கள் ஓடுகின்றனவா, நிற்கின்றனவா என்று பார்ப்பது. அதற்கென்று ஒரு மென்பொருள். பெயர் சகஸ்ராட்சன். ஆயிரம் கண்ணுடையவன் என்று பொருள். நிறுவனம் அதில் வாங்கியிருந்தது பன்னிரண்டு கண். ஒரு கண் என்றால் எங்கோ இருக்கும் ஒரு திரை தொழிலகத்தின் சர்வரோடு பேசுவதற்கான ஓர் உரிமம். மீதிக் கண்களை வாங்கச் சொல்லி சகஸ்ராட்சன்காரர்கள் ஆண்டுதோறும் தீபாவளி இனிப்போடு வந்து போனார்கள். நிறுவனத்தார் இனிப்பை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு காலத்தில் தொட்டியின் பக்கவாட்டிலேயே முள் வைத்த வட்ட மானிகள் இருந்தன. பக்கத்தில் நிற்கிறவன் தலையைத் திருப்பினால் போதும், சங்கதி தெரிந்துவிடும். இதில் இருந்த அநியாயம் நோக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் பெரியவர்களுக்குப் புரிந்தது. ஒரே முள்ளை எத்தனை பேர் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் பார்க்கிறார்களே, இது திருட்டு அல்லவா? மானிகளைக் கழற்றினார்கள். ஓட்டைகளை அடைத்து, அடைப்பின் மேல் சகஸ்ராட்சனின் நெற்றிக்கண் சின்னத்தை ஒட்டினார்கள். அதன் பிறகு தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாலும், கண் இல்லாதவனுக்கு அதன் மனசு தெரியாது என்று ஆயிற்று.

இருந்த கண்கள் எங்கெங்கே இருந்தன என்று கேட்டால் கோபம் வரும். ஆனாலும் சொல்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் இரண்டு, பாதுகாப்புப் பிரிவில் ஒன்று. இவை வேலைக்கு. வங்கியில் ஒன்று, காப்பீட்டு நிறுவனத்தில் ஒன்று. பொது மேலாளர் தணிகைநாதனின் அறையில் ஒன்று, அவர் பங்களாவில் ஒன்று, அவர் காரில் ஒன்று. சென்னையில் இருந்த தலைவரின் வீட்டுக் கூடத்தில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. மீன்களுக்கும் தலைவருக்கும் அது சம அளவில் புரிந்தது. இன்னும் இரண்டு டெல்லியில் யாரிடமோ. கடைசிக் கண், பன்னிரண்டாவது, நீதிமன்றம் உத்தரவிட்டுக் கொடுக்க வைத்தது. அது மதிலை ஒட்டித் தெற்கே கிடந்த மீனவர் ஊரான சிப்பிமுனைக்கு.

முந்தைய கசிவில் சிப்பிமுனை நான்கு பேரை அடக்கம் செய்திருந்தது. அதற்குப் பிறகுதான் வழக்கு, வாய்தா, தீர்ப்பு, கண். ஊருக்கென்று பாதிரியார் டெரன்ஸ் முன்பே வாயுக் கசிவைக் காட்டும் ஒரு கைச்சோதனைக் கருவி வாங்கி வைத்திருந்தார். அது கள்ளக்கண் என்று சட்டப்படி பறிமுதல் ஆனது. எங்களுக்கு மூக்கு இருக்கிறதே என்று ஒருவர் நீதிமன்றத்தில் சொல்லிப் பார்த்தார். மூக்கு, உரிமம் பெறாத தொலைநிலை இணைப்பு என்று நிறுவனத்தின் வக்கீல் வாதாடினார். நீதிபதி சிரித்தாராம். ஆனால் வாதத்தைப் பதிவு செய்துகொண்டாராம்.

பாதிரியாரின் கோயில் மண்டபத்து மூலையில் திரை வைக்கப்பட்டது. தணிகைநாதனே வந்து ரிப்பன் வெட்டி, திரையை, அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஊர் அமர்த்திய கண்காணி பிலோமியின் கையில் கொடுப்பது போலப் படம் எடுத்துக்கொண்டார். படம் சரியாக வரவில்லை என்று மறுபடி வாங்கி மறுபடி கொடுத்தார். விதிகளும் எழுதிக் கொடுத்தார்கள். திரை மஞ்சளானால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பானால் கோயில் மணி அடித்து ஊரைக் கிளப்பலாம். பச்சையில் மணி அடித்தால் அது பீதி பரப்பல். கண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

அந்த மஞ்சள்தான் பிலோமிக்கு எல்லாமும். அவள் கணவன் லாசருக்கு முந்தைய கசிவு நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது. கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மிசின்தான் அவனுக்கு மூச்சு. தூக்கிக்கொண்டு ஓட ஒரு சின்ன சிலிண்டர் வீட்டில் உண்டு, கொஞ்ச நேரம் தாங்கும். பெரிய சிலிண்டர் தொழிலகச் சாலையைத் தாண்டி, அரசு துணைச் சுகாதார நிலையத்தில். மஞ்சள் விழுந்ததும் அதை எடுத்து வர வேண்டும், சிவப்பு விழுந்ததும் லாசரை வள்ளத்தில் ஏற்ற வேண்டும் என்பது அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒழுங்கு.

ஆயுத பூஜையன்று காலையில் அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாற்பதை நெருங்கும் பெண். பக்கத்தில் சாய்வு நாற்காலியில், மூக்கில் மிசினின் குழாயோடு லாசர். திரையில் இரண்டு கம்பிரசர்களும் அழகாகச் சுழன்றன. எண்கள் எல்லாம் பச்சை. வலது மூலையில் எறும்பு ஊர்வதுபோல நாலு ஆங்கில எழுத்து. திரையை மாட்டிப் போனவன் அது கம்பெனி முத்திரை என்று சொல்லியிருந்தான்.

"ஏட்டி, ஒன் சீரியல்ல இன்னைக்காவது எதும் திருப்பம் உண்டா?" என்றான் லாசர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு கொடுத்துத்தான் பேச முடியும். அதற்காகப் பேச்சைக் குறைக்கிற ஆள் இல்லை.

"சும்மா இருங்க."

"வருசம் ரெண்டாச்சு. ஒரு சண்டை இல்ல. ஒரு மாமியா இல்ல. ஒரே பச்ச. இப்பிடி ஒரு நல்ல குடும்பத்தை நான் பாத்ததே இல்ல."

"மஞ்ச ஆவலன்னு உங்களுக்கு வருத்தமாக்கும்?"

"ஒரு நாளாவது தும்மணும்லா பிலோமி. நான் எத்தனை தடவ இருமுதேன். அது ஒரு தடவ இருமப்பிடாதா?"

அப்போதுதான் சத்தம் நின்றது.

சிப்பிமுனைக்காரர்களுக்குத் தொழிலகத்தின் உறுமல் கடலின் சத்தம் மாதிரி. இருக்கும்போது கேட்காது. நின்றால்தான் கேட்கும். ஆயுத பூஜைக்கு ஒரு கம்பிரசரை நிறுத்திப் பொட்டு வைப்பது வழக்கம். உறுமல் பாதியாகும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். இந்த முறை முழுசாக நின்றது. முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள்.

"ரெண்டையும் நிப்பாட்டிட்டானுவ" என்றான் லாசர்.

பிலோமி திரையைப் பார்த்தாள். இரண்டும் சுழன்றுகொண்டிருந்தன.

"இதுல ஓடுதே."

"காதுல நிக்கே."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்கள். படித்தவர்கள் செய்து கொடுத்த திரை. நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன திரை. காது, கடவுள் கொடுத்தது. அதற்கு உரிமம் கிடையாது. பிலோமி போனை எடுத்தாள். உதவி எண்ணில் ஒரு பெண் குரல், பண்டிகை வாழ்த்துகள், இன்று விடுமுறை, தங்கள் கண் எங்களுக்கு முக்கியம் என்றது. பாதுகாப்புப் பிரிவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொழிலகத்தில் இந்த உரிமங்களைக் கவனிக்கும் கண் நிர்வாகி ஹரிஹரசுதன் போனை எடுக்கவில்லை. அவன் கையில் அப்போது தாம்பூலத் தட்டு இருந்தது.

தொழிலகத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். யாரும் சதி செய்யவில்லை. எல்லோரும் பக்தியோடுதான் இருந்தார்கள்.

முன்பெல்லாம் ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், சுத்தியல், கணக்குப் பிரிவின் கால்குலேட்டர் என்று அம்பாள் படத்தின் முன் அடுக்குவார்கள். அது ஒரு நவீனத் தொழிலகத்தின் கௌரவத்துக்கு ஏற்றதாக இல்லை என்று தணிகைநாதனுக்குத் தோன்றியது. இந்த ஆண்டு பத்துத் துறைகளும் ஆளுக்கொரு திரையைக் கொண்டுவந்து விழா அறையில் வைக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் தொழிலகம் நேரலையாக ஓட வேண்டும், ஆயுதத்தையே அம்பாள் பார்க்கட்டும் என்றார். கேன்டீனும் ஒரு திரை வைத்தது, தோட்டப் பிரிவும் ஒரு திரை வைத்தது. பத்துக்கும் மேலாளர் தன் பெயரிலேயே உள்ளே நுழைந்து கொடுத்தார். சகஸ்ராட்சன் மரியாதை தெரிந்த மென்பொருள். கண் போதாவிட்டால் பதவியில் பெரியவருக்கு வழிவிட்டு சின்னவரை வெளியே தள்ளும். தலைவர் பெயரில் இருந்தவற்றைத் தவிர மீதி அத்தனையும் ஓசையில்லாமல் விழா அறைக்குப் போய்ச் சேர்ந்தன. கட்டுப்பாட்டு அறையின் இரண்டும் போயின, பாதுகாப்புப் பிரிவின் ஒன்றும் போயிற்று.

புரோகிதர் வேறு, ஓடுகிற ஆயுதத்துக்குப் பூஜை எடுபடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த தொழிற்சாலைக்குப் புறப்பட்டார். இரண்டு கம்பிரசர்களையும் நிறுத்தி மாலை போட்டார்கள். திரைகளுக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம். வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி மறுபூஜை வரை யாரும் தொடக் கூடாது என்பதால் அறையைப் பூட்டி, சாவியைத் தணிகைநாதன் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். பிறகு பொரி, கடலைப் பிரசாதத்தோடு கட்டுப்பாட்டு அறைக்குள் எழுந்தருளினார்.

"என்னய்யா, முகமே சரியில்ல?" என்றார், ஷிப்ட் பொறுப்பாளர் மாசாணமுத்துவைப் பார்த்து.

"சார், மிஷினை மறுபடி போடணும். நேரமாகுது, வெயிலும் ஏறுது."

"அழுத்தம் எவ்வளவு காட்டுது?"

மாசாணமுத்து தயங்கினார். "அதான் சார் புரியலை. ஏறவே இல்ல. அது மட்டுமில்ல, நாம நிறுத்தின மிஷின் இதுல ஓடிக்கிட்டே இருக்கு."

தணிகைநாதன் திரையருகே வந்தார். பச்சை எண்கள். சுழலும் சக்கரங்கள். பார்க்கப் பார்க்க அவர் கண் கலங்கியது.

"உனக்குப் புரியலையா? நாம நிறுத்திட்டோம். அவ ஓட்டுறா."

"சார்..."

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கடாட்சத்தை நான் பார்த்ததில்லைய்யா." கன்னத்தில் போட்டுக்கொண்டார். "யாரும் மிஷினைத் தொடாதீங்க. காலைல மறுபூஜை முடியட்டும். தலைவருக்கு நான் பேசிக்கிறேன்."

அறையில் இருந்த அத்தனை பொறியாளர்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாசாணமுத்துவும்தான். நம்பி அல்ல, கும்பிடாதவர் பெயர் மறுநாள் என்ன ஆகும் என்று தெரிந்து.

சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஹரிஹரசுதன் பிலோமியின் போனை எடுத்தான்.

"சொல்லுங்க மேடம். இன்னிக்கு லீவு."

"தம்பி, மிசினு ரெண்டும் காலைல நின்னது இன்னும் போடல. திரையில சுத்திக்கிட்டே இருக்கு. என்னன்னு பாருங்க."

"பச்சையா இருக்கில்ல? அப்ப பச்சைதான்."

"நின்னது எப்பிடிய்யா சுத்தும்?"

"நின்னுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் கேக்கலை."

"காதால கேட்டதையெல்லாம் வச்சுப் புகார் பதிய முடியாது மேடம்." சொல்லிக்கொண்டே பாயசத்தை எட்டி எடுத்தவன், பாதியில் நிறுத்தினான். "ஒரு நிமிஷம். சுத்துதுன்னா சொன்னீங்க?"

"அதத்தான சொல்லுதேன்."

"அது... இன்னிக்கு நிறையத் திரை போட்டிருக்கோம். உங்க கண்ணு தள்ளிப் போயிருக்கும். கண்ணு கிடைக்கலன்னா திரை கறுப்பாகாது மேடம். கறுப்பானா வாடிக்கையாளர் பதறுவாங்கன்னு ஒரு மாதிரிப் படம் ஓட விடுவாங்க."

"எது மாதிரி?"

"நல்லா ஓடுற தொழிற்சாலை மாதிரி."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த லாசர்தான் சிரித்தான். "நல்ல குடும்பம்னு... அப்பவே சொன்னேம்லா."

ஹரிஹரசுதனுக்கு வேறொன்று உறைத்துவிட்டது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்கு நடந்தான். பெரிய திரையின் வலது மூலையில் எறும்பளவில் நாலு ஆங்கில எழுத்து: டெமோ. பக்கத்துத் திரையிலும் டெமோ. பொறியாளர்கள் அதன் முன்னால் ஒரு விளக்கு வேறு ஏற்றி வைத்திருந்தார்கள்.

"நான் பாத்துச் சொல்றேன் மேடம்" என்று அவன் குரல் தாழ்ந்தது. "மணி மட்டும் அடிச்சிடாதீங்க. பச்சையில அடிச்சீங்கன்னா கண்ணு போயிடும்."

மேலாளரிடம் ஓடினான். ஒரே ஒரு திரையை அணைத்தால் போதும், ஒரு கண் திரும்பி வரும், சாவி வேண்டும் என்றான். தணிகைநாதன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அம்பாளை அணைக்கச் சொல்றியா?"

"இல்ல சார், தோட்டப் பிரிவோட திரையை மட்டும்."

"தோட்டத்துக்கு வேற அம்பாளா? அழுத்தம் ஏறாம அவ தாங்கிட்டிருக்கா, நீ போய் இடையில கை வைக்கப் போறியா?"

"அது டெமோ சார்."

"எது?"

"நீங்க பாத்தது."

அந்தச் சொல்லை அப்படி வெளிப்படையாகச் சொல்லியிருக்கக் கூடாது. கன்னத்தில் போட்டுக்கொண்டதை அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள். தலைவருக்குப் போன் செய்து சொல்லியும் ஆயிற்று. பெரிய மனிதர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்ட பிறகு அது டெமோவாக இருக்க முடியாது. "உன் அப்ரைசல் என்கிட்டத்தான் வருது, தெரியுமில்ல?" என்றார் தணிகைநாதன். ஹரிஹரசுதன் திரும்பிப் போய் மீதிப் பாயசத்தைக் குடித்தான். வேறு என்ன செய்வான் என்று கேட்காதீர்கள். செய்திருக்கலாம். செய்யவில்லை.

பூட்டிய அறைக்குள் பத்துத் திரைகளும் அப்போது சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. உண்மையை அங்கே பார்த்துக்கொண்டிருந்தது அம்பாள் ஒருத்திதான்.

பிலோமி மணிக்கயிற்றடியில் நின்றாள். பெரிய சிலிண்டரை எடுக்க வேண்டுமானால் தொழிலகச் சாலையில் போய் வர வேண்டும். போன நேரத்தில் வெடித்தால் லாசரைத் தூக்க அவள் இருக்க மாட்டாள். மணி அடித்து ஒன்றும் நடக்காவிட்டால் ஊரே அவளால் குருடாகும். இனி வரும் எந்த மஞ்சளும் யாருக்கும் இல்லை.

"என்னட்டி நிக்கே?"

"கண்ணு போயிரும்ங்க. நாலு உசுரு குடுத்து வாங்கின கண்ணு."

"கண்ணு இல்லாதவன் எத்தனையோ பேரு வாழுதான்." லாசர் மூச்சுக்குக் காத்திருந்தான். "மூச்சு இல்லாதவன் ஒருத்தன் வாழுதானா? அடிட்டி மணியை."

அடித்தாள்.

சிப்பிமுனை மணிச் சத்தத்துக்குக் கேள்வி கேட்காது. அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்கு ஓடி வந்தார்கள். வாடைக்காற்று வடக்கிலிருந்து ஊர் மேல் வீசிக்கொண்டிருந்ததால் கரையோரமாகத் தெற்கே ஓடுவதில் பயனில்லை; கிழக்கே கடலுக்குள் போக வேண்டும். நாலு பேர் லாசரை நாற்காலியோடு தூக்கி வள்ளத்தில் வைத்தார்கள். பிலோமி வீட்டிலிருந்து எடுத்து வந்த சின்ன சிலிண்டரை அவன் குழாயில் மாட்டினாள். வள்ளங்கள் ஆழத்துக்குப் போய் நங்கூரம் போட்டு ஊரைப் பார்த்தபடி நின்றன.

ஒன்றும் நடக்கவில்லை.

"எக்கா, இன்னைக்கு மஞ்சளா செவப்பா?" பக்கத்து வள்ளத்திலிருந்து கஸ்பார் கேட்டான்.

"பச்ச."

"பச்சையிலயா அடிச்சிய?"

"மிசினு நின்னு போச்சுடே. காலைல இருந்து."

"ஆயுத பூஜைக்கு மெசினு நிக்காம நடக்கவா செய்யும்? அடுப்புல மீன் கொழம்பு கெடக்கு. நல்லா இருப்பிய!"

"குழம்பு எங்க போவும்?" என்று ஒரு பெண். "இவா புருசனுக்கு வள்ளத்துல சவாரி போவணும்னு ஆச. அதுக்கு ஊரையே கூட்டிட்டு வந்துட்டா."

சிரித்தார்கள். லாசரும் சிரித்தான். பிலோமி சிலிண்டரின் தலையில் இருந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றுதான் அந்தக் கரையில் சட்டத்துக்குத் தப்பிய முள். இறங்கிக்கொண்டிருந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது மதிலுக்குள்ளிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது. பிறகு அது அலறலாக மாறியது. தொட்டியின் உச்சியிலிருந்து வெண்மையாக எழுந்தது, மேகம் போலத்தான் இருந்தது, அழகாகக்கூட இருந்தது. காற்று அதைச் சரித்து ஊர் மேல் போட்டது. கூரைகள் மறைந்தன, மணிக்கூண்டு மறைந்தது. சிரித்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கஸ்பார் தன் வள்ளத்தை இழுத்து பிலோமியின் வள்ளத்தோடு சேர்த்துக் கட்டினான்.

தொழிலகத்தில் ஆபத்துச் சங்கு ஊதவில்லை. திரை சிவப்பானால்தான் சங்கு ஊதும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. மூக்கு என்ற உரிமமில்லாத இணைப்பின் மூலம் செய்தி அறிந்த தணிகைநாதன் காரில் வடக்கே பறந்தார், சாவியோடு. திருஷ்டி கழிக்க வைத்திருந்த பூசணிக்காய் வாசலில் உடைபடாமல் கிடந்தது. மாசாணமுத்துதான் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, மாலையைப் பிய்த்தெறிந்து ஒரு கம்பிரசரைப் போட்டார். ஆயுதத்தைத் தொட்டதற்காகப் பின்னால் அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

மேகம் கலைவதற்கு நேரம் எடுத்தது. கரைக்குத் திரும்பவும் முடியாது, கடலில் வேறு சிலிண்டரும் கிடையாது. முள் அடியில் போய் உட்கார்ந்தது. பிலோமி லாசரை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"மஞ்ச... ஆச்சா?" என்று கேட்டான்.

"ஆவலங்க."

"நல்ல... குடும்பம்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

விசாரணை சென்னையில், நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலேயே நடந்தது. விசாரிக்க வந்த ஓய்வு பெற்ற அதிகாரிக்கு அந்த ஏசி ஒத்துக்கொண்டதாம். முடிவுகள் நன்றாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. வாயுவால் உயிரிழப்பு எதுவும் இல்லை. லாசர் என்பவர் வாயு எட்டாத கடற்பகுதியில், ஏற்கெனவே இருந்த நோயால், திரை பச்சையாக இருந்தபோது அனுமதியின்றி நடத்தப்பட்ட இடப்பெயர்வின்போது காலமானார். ஊர்க் கண்காணி விதியை மீறியதால் கண் திரும்பப் பெறப்படுகிறது. நிறுவனம் பாடம் கற்றுக்கொண்டது: அடுத்த ஆயுத பூஜையில் நெரிசல் ஏற்படாதிருக்க, சகஸ்ராட்சனின் புதிய 'பண்டிகைக் கண்கள்' திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"மணி அடிச்சதால ஊரு பொழச்சிருக்கு ஐயா."

"அது தற்செயல்" என்றார் நிறுவனத்தின் வக்கீல், மூக்கைப் பற்றி வாதாடிய அதே ஆள்.

திரையை நேரில் ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. பிலோமி அதை ஒரு சேலையில் சுற்றி, ராத்திரி முழுக்க பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வாங்கிக்கொள்ளும் ஆள் சாப்பிடப் போயிருந்தார். வரவேற்புக் கூடத்தில் உட்காரச் சொன்னார்கள்.

கூடம் குளுகுளு என்று இருந்தது. சுவரில் தலைவர் மரம் நடுகிற படம், தலைவர் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கிற படம். அதற்கடுத்துப் பிலோமி தன்னைப் பார்த்தாள். ஆள் உயரப் படம். தணிகைநாதன் திரையைக் கொடுக்கிறார், அவள் வாங்கிக்கொள்கிறாள், இரண்டாவது தடவை எடுத்தது. கீழே தங்க எழுத்தில்: 'மக்களின் கண். சிப்பிமுனை ஊருக்கு எங்கள் காணிக்கை.' அதற்கும் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு திரை எரிந்துகொண்டிருந்தது.

அதில் தொழிலகம் ஓடியது. அவள் அறிந்த தொழிலகம் இல்லை. ஒரு கம்பிரசர் ஓடியது, ஒன்று நின்றிருந்தது. எண்கள் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கின, காய்ச்சல்காரனின் நாடி போல. அவள் எழுந்து போய்க் கண்ணாடியில் கை ஊன்றி, முகம் வைத்து வலது மூலையைப் பார்த்தாள். அங்கே நாலு எழுத்து இல்லை. சந்தனமும் குங்குமமும் காய்ந்த தடம் மட்டும் இருந்தது.

"தொடாதீங்கம்மா" என்று வந்தான் காவலாளி. பிறகு படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அட, நீங்களா! தெனம் உங்க மூஞ்சியிலதான்மா நான் முழிக்கிறேன்."

"இது எப்ப வச்சது?"

"அந்த போட்டோ மாட்டுன அன்னிக்கே வச்சிட்டாங்க. விசிட்டர்ங்க பாக்கணும்ல. தலைவர் பேர்ல போட்ட உண்மையான லைவ்வும்மா இது. ஊருக்குக் குடுத்தது டம்மின்னு மாட்டுன சார் சொன்னாரு."

பிலோமி கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "பொட்டு யாரு வச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு ஆபீஸ் லீவு, நான் மட்டும் டூட்டி. இதையும் சும்மா விடுவானேன்னு பொட்டு வச்சிக் கற்பூரம் காட்டுனேன்." அவன் முகம் மலர்ந்தது. "அன்னிக்கு என்னா அழகும்மா! காலைல டிபன் முடிச்சிட்டு வரேன், மஞ்சளா மின்னுது. கற்பூரம் காட்டுற நேரம் பாத்து பளிச்சுனு செவப்பாச்சு. பண்டிகைக்கு கம்பெனியே சீரியல் லைட்டு போட்ருக்குன்னு நெனச்சிக்கினேன். போன்ல வீடியோ கூட எடுத்தேன். பாக்குறீங்களா?"

"மஞ்சளு காலைலயே ஆச்சா?"

"டிபன் நேரம்மா. வெயிலு கூட ஏறல."

வெயில்கூட ஏறவில்லை. சுகாதார நிலையத்துக்கு நடந்தே போயிருக்கலாம். கஸ்பாரின் வண்டியைக் கேட்டிருந்தால் பெரிய சிலிண்டர் ஒன்று அல்ல, இரண்டே வந்திருக்கும். லாசர் வள்ளத்தில் உட்கார்ந்து, ஊர் முழுவதையும் கேலி செய்துகொண்டே பொழுது சாய்வதைப் பார்த்திருப்பான்.

சாப்பிடப் போனவர் ஏப்பத்தோடு வந்து, சேலைப் பொதியைப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "அவ்வளவுதாம்மா. நீங்க கிளம்பலாம்."

பிலோமி சேலையை மடித்துப் பையில் வைத்தாள். கூடத்தின் ஒரு சோபாவை இழுத்துக் கண்ணாடிப் பெட்டிக்கு நேர் எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து, கோயில் மணிக்குப் பக்கத்திலேயே இருக்கும் டெரன்ஸ் பாதிரியாரின் எண்ணைத் திரையில் வரவழைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது? வேலை முடிஞ்சுதே" என்றார் அவர்.

"உங்க வேல முடிஞ்சிட்டு. இது எங்க ஊருக் கண்ணு, படத்துக்குக் கீழ எழுதியிருக்கிய. நான் கண்காணி."

"இங்கே எவ்வளவு நேரம் உட்காரப் போறீங்க?"

அவள் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"மஞ்ச ஆவுற வரைக்கும்."